காகிதத்துக்கு விலை உண்டு, சட்டத்துக்கு இல்லை



இந்த உரைக்கு ஏற்பாடு செய்த அறக்கட்டளையை நிறுவியவர் நாற்பது ஆண்டுக் காலம் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர் என்று அழைப்புக் கடிதத்தில் படித்தேன். இன்றைய தலைப்பை எனக்குத் தந்தது அந்த ஒரு வரிதான்.

நான் ஜூனியராகச் சேர்ந்த அலுவலகத்திலும் அப்படி ஒரு குமாஸ்தா இருந்தார். சனிக்கிழமை மதியம் கட்சிக்காரர்கள் போன பிறகு மேசையில் பழைய செய்தித்தாளை விரிப்பார். ஒரு பக்கம் கத்தரிக்கோல், ஒரு பக்கம் கோந்து பாட்டில், நடுவில் அரசு வெளியிட்ட விதித் தொகுப்பு. அரசு அவ்வப்போது அச்சிட்டு அனுப்பும் திருத்தச் சீட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி, உரிய பக்கத்தில் உரிய விதியின் மேல் ஒட்டுவார். சில பக்கங்களில் மூன்று சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒட்டி ஒட்டிப் புத்தகம் மூட முடியாமல் உப்பிப்போயிருக்கும். ஒருநாள் நான் வேறொரு இடத்திலிருந்து வாங்கி வந்த புதிய பிரதியைப் பார்த்து மனுவில் ஒரு விதியை எழுதினேன். அவர் படித்துவிட்டுச் சொன்னார்: “சார், புஸ்தகத்தை நம்பாதீங்க. ஒட்டின சீட்டை நம்புங்க.” அந்த விதி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாறியிருந்தது. கடையில் விற்ற புதிய புத்தகத்தில் பழைய சட்டம் இருந்தது. நடப்புச் சட்டம் எங்கள் குமாஸ்தாவின் கோந்தில் இருந்தது.

எங்கள் அலுவலகத்துக்கு அவர் இருந்தார். எதிர்மேசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கட்சிக்காரருக்கு யார் இருந்தார்கள்? சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்பது நீதிமன்றங்கள் என்றும் மாறாமல் சொல்லிவரும் பாடம். அப்படியானால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளும் வழியைத் திறந்து வைப்பது அரசின் கடமை. மாநில அரசுகள் சட்ட நூல்களை எப்படி வெளியிடுகின்றன, யாருக்குக் கொடுக்கின்றன, என்ன விலை வைக்கின்றன என்பது அச்சகக் கணக்காளருக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. குடிமகனின் உரிமை அதில் அடங்கியிருக்கிறது. இதுவே என் உரையின் சாரம்.

வெளியிடாத சட்டம் சட்டமே அல்ல

ஹர்லா என்பவரின் வழக்கிலிருந்து தொடங்குகிறேன். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923 டிசம்பரில் அமைச்சரவை ஒரு தீர்மானத்தின் மூலம் அபினிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் அரசிதழில் வரவில்லை. வேறு எந்த வழியிலும் மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அந்தச் சட்டத்தின்கீழ் ஹர்லாவுக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சிறிய தொகைதான். ஆனாலும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1951இல் நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பொதுமக்கள் அறிந்திராத, முயன்றாலும் அறிந்திருக்க முடியாத ஒரு சட்டத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரணானது. சட்டம் செயலுக்கு வருமுன் ஏதாவது ஒரு முறையில் வெளியிடப்பட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

சட்டம் பயிலும் மாணவர்கள் இதைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். இதிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கிறது. அரசிதழில் அச்சிட்டுவிட்டால் வெளியிட்டதாகிவிடுமா? அச்சிட்டதை வாங்க முடியாத விலையில் வைத்தால்? வாங்கியும் புரிந்துகொள்ள முடியாத வடிவில் வைத்தால்?

அரசிதழின் முதல் பக்கம்

நம் மாநில அரசிதழையே எடுத்துக்கொள்வோம். 1832இல் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழ் என்று தொடங்கியது, இன்று தமிழ்நாடு அரசிதழாகப் புதன்கிழமைதோறும் வருகிறது. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை அதை அச்சிடுகிறது. முதல் பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். அரசு முத்திரை, நாள், அதற்குரிய தமிழ் மாதத் தேதி, திருவள்ளுவர் ஆண்டு, அரசின் பதிப்புரிமைக் குறி இருக்கும். கூடவே ரூபாயிலும் காசிலும் ஒரு விலை. நடுத்தரக் குடும்பம் ஒன்று வாங்கக்கூடிய விலைதான் அது. இப்போது துறையின் இணையதளத்திலிருந்து அரசிதழை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மத்திய அரசு 2015 அக்டோபர் 1 முதல் தன் அரசிதழைத் தாளில் அச்சிடுவதையே நிறுத்திவிட்டு மின்னணு வடிவில் மட்டும் வெளியிடுகிறது. இவை பாராட்டப்பட வேண்டிய மாற்றங்கள்.

ஆனால் அரசிதழில் ஒரு திருத்தச் சட்டம் எப்படி வருகிறது? இன்ன பிரிவின் இன்ன உட்பிரிவில் ‘முப்பது நாள்’ என்ற சொற்களுக்குப் பதிலாக ‘அறுபது நாள்’ என்ற சொற்கள் அமைக்கப்படும் என்று வருகிறது. மூலச் சட்டம் கையில் இல்லாதவருக்கு இந்த வரியால் என்ன பயன்? மூலச் சட்டம் ஓர் ஆண்டின் அரசிதழில், முதல் திருத்தம் வேறோர் ஆண்டில், விதிகள் மற்றொரு பகுதியில், அமலுக்கு வந்த தேதியைச் சொல்லும் அறிவிக்கை இன்னொரு பகுதியில். உதிரிப் பூக்களை அரசு தருகிறது. தொடுத்துத் தருகிறவர் தனியார் பதிப்பாளர். நாம் விலை கொடுப்பது தொடுத்ததற்கு.

அண்மைக் கால உதாரணம் ஒன்று சொல்கிறேன். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று அமலுக்கு வந்தது. பழைய வாடகை ஏற்பாடுகளுக்கு எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டம் முதலில் குறித்த கெடு 90 நாள். பின்னர் அது திருத்தத்தின் மூலம் நீட்டிக்கப்பட்டது. முதல் பதிப்பை மட்டும் வாங்கி வைத்திருந்தவர் கெடு முடிந்துவிட்டது என்று அஞ்சியிருப்பார். சட்டம் அவருக்குச் சாதகமாக மாறியிருந்தும் அவர் கையிலிருந்த தாள் மாறவில்லை. ஊரில் யார் வீட்டிலும் நடக்கக்கூடியது இது.

ஜார்ஜியா விற்ற சட்டம்

இந்தச் சிக்கலை உலகின் கண்முன் கொண்டுவந்த வழக்கு அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் எழுந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

ஜார்ஜியா மாநிலச் சட்டங்களின் அதிகாரபூர்வத் தொகுப்பில் ஒவ்வொரு சட்டப் பிரிவின் கீழும் குறிப்புகள் இருக்கும். எந்த நீதிமன்றம் அந்தப் பிரிவை எப்படி விளக்கியது, எது செல்லாது என்று தீர்ப்பானது, தலைமை வழக்கறிஞரின் கருத்து என்ன என்பவை அந்தக் குறிப்புகள். மாநிலச் சட்டமன்றம் அமைத்த திருத்த ஆணையம் ஒன்றின் மேற்பார்வையில் ஒரு தனியார் நிறுவனம் அவற்றை எழுதியது. பதிப்புரிமை மாநிலத்துக்கு; விற்கும் தனியுரிமை நிறுவனத்துக்கு. முழுத் தொகுப்பின் விலை சுமார் 400 டாலர். குறிப்புகள் இல்லாத வெறும் சட்டப் பிரிவுகளை மட்டும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கார்ல் மலமூத் என்பவர் சட்டங்களையும் அரசு ஆவணங்களையும் மக்களுக்குத் திறந்து வைப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். அவர் நடத்தும் அமைப்பு ஜார்ஜியாத் தொகுப்பின் 186 பகுதிகளையும் காசு கொடுத்து வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, 2013இல் இணையத்தில் ஏற்றியது. சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பென் டிரைவில் பிரதிகளும் அனுப்பியது. நிறுத்தும்படி மாநிலம் கேட்டது, அவர் மறுத்தார். 2015இல் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. முதல் நீதிமன்றத்தில் மாநிலம் வென்றது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2020 ஏப்ரல் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மலமூத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பின் அடிப்படை எளிமையானது. சட்டம் இயற்றும் அதிகாரம் உடையவர்கள் அந்தப் பணியின் பகுதியாக எழுதும் எதற்கும் அவர்கள் ஆசிரியர் உரிமை கோர முடியாது. இது புதிய கோட்பாடும் அல்ல. 1834இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பாளர்களான வீட்டன், பீட்டர்ஸ் இருவருக்கும் நடந்த வழக்கில் அது முளைவிட்டது. பீட்டர்ஸ் தமக்கு முன்னிருந்தவர்களின் விலையுயர்ந்த தொகுதிகளைச் சுருக்கி ஆறு தொகுதிகளாக மலிவாக வெளியிட்டார். வீட்டன் வழக்குத் தொடுத்தார். தீர்ப்புரைகள்மேல் தொகுப்பாளர் யாருக்கும் பதிப்புரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஓஹையோ மாநிலம் நீதிமன்றத் தீர்ப்புகளை அச்சிடும் தனியுரிமையை ஒரு பதிப்பாளருக்குக் கொடுத்திருந்ததும் 1888இல் அதே காரணத்தால் நிலைக்கவில்லை. ஜார்ஜியா வழக்கு அந்தக் கோட்பாட்டை நீதிபதிகளிடமிருந்து சட்டமன்றத்துக்கும் நீட்டியது.

அந்தத் தீர்ப்பில் என் மனத்தில் தங்கிய பகுதி வேறு. ராபர்ட்ஸ் வாசகர்களை இரண்டு வகுப்புப் பயணிகளைப் போலப் பிரித்துக் காட்டுகிறார். தேர்தலில் நிற்பவர்கள், வசதியற்றவர்களும்கூட, பெருந்தொகையைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்று ஜார்ஜியாவில் ஒரு சட்டம் இருந்தது. அதன் முக்கியமான அம்சம் செல்லாது என்று நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஆனால் இலவசப் பதிப்பைப் படிப்பவருக்கு அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். செல்லாது என்ற செய்தி காசு கொடுத்தவரின் புத்தகத்தில் மட்டும் இருக்கும். ஒரே மாநிலம், ஒரே சட்டம். பணமுள்ளவருக்கு ஓர் உண்மை, இல்லாதவருக்கு ஒரு பழைய தாள். எங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா ஒட்டிய சீட்டு நினைவுக்கு வந்தது.

எதிர்த்தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான்கு நீதிபதிகள் மாறுபட்டார்கள். குறிப்புகள் சட்டம் அல்ல, சட்டத்தை விளக்கும் உதவி மட்டுமே என்பது நீதிபதி கின்ஸ்பர்க்கின் கருத்து. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதே ஏற்பாட்டை நம்பியிருக்கின்றன என்று நீதிபதி தாமஸ் சுட்டினார். அரசு தன் பணத்தைப் போடாமல், வரி செலுத்துவோருக்குச் சுமை தராமல், கட்டுப்படுத்திய விலையில் நல்ல தொகுப்பு கிடைத்ததே, அதைக் கெடுக்கலாமா என்பது மாநிலத்தின் வாதம். இதில் நியாயம் உண்டு. தொகுப்பவருக்கு உழைப்பு இருக்கிறது. உழைப்புக்குக் கூலி வேண்டும். ஆனால் அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். சாலை போடும் ஒப்பந்ததாரருக்கு அரசு பணம் கொடுக்கிறது; நடந்து போகிறவரிடம் வசூலிப்பதில்லை. அரசின் பெயரும் முத்திரையும் தாங்கிய சட்டத் தொகுப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் ஜார்ஜியாத் தொகுப்பு நின்றுவிடவில்லை. இன்றும் வெளிவந்துகொண்டுதான் இருக்கிறது.

பேர் ஆக்ட் புத்தகத்தின் முன்பக்கக் குறிப்பு

நம் நாட்டில் நிலைமை என்ன? சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள சட்டப் புத்தகக் கடைகளில் ‘பேர் ஆக்ட்’ என்று கேட்டால் மெல்லிய புத்தகம் ஒன்றைத் தருவார்கள். வெறும் சட்டம் மட்டுமே என்ற பெயரில் விற்கும் அந்தப் புத்தகத்தின் முன்பக்கங்களில் பெரும்பாலும் ஒரு சிறு முன்னுரையோ குறிப்போ இருக்கும். அது ஏன் என்று மாணவப் பருவத்தில் நான் யோசித்ததே இல்லை.

விடை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. நம் சட்டப்படி அரசு வெளியீடுகளுக்கு அரசுக்கே பதிப்புரிமை உண்டு. அது 60 ஆண்டுகளுக்கு நீடிக்கும். அதற்கு விலக்குத் தருவது 52ஆம் பிரிவு. அரசிதழில் வந்த அறிவிக்கைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் யாரும் மறுபதிப்புச் செய்யலாம். ஆனால் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: ஏதாவது விளக்கவுரையோ வேறு சொந்தப் படைப்போ சேர்த்துத்தான் வெளியிட வேண்டும். அந்த முன்பக்கக் குறிப்பு இந்த நிபந்தனைக்குக் கொடுத்த வாடகை. மக்கள் பிரதிநிதிகள் மக்களுக்காக இயற்றிய சட்டத்தை, அதில் உள்ளபடியே, ஒரு சொல்லும் கூட்டாமல் அச்சிட்டு ஊருக்குக் கொடுக்க ஒருவர் விரும்பினால் அந்த விலக்கு அவருக்கு உதவாது. இந்த நிபந்தனை நீக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீதித்துறை இதில் முன்னே நடந்திருக்கிறது. 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், பதிப்பாளரின் சொந்தத் தலைக்குறிப்புகளுக்குப் பாதுகாப்பு உண்டு, தீர்ப்பின் மூலவாசகம் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. 2023 ஜனவரி முதல் தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பையே இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. தலைக்குறிப்போடு, பக்க எண்ணோடு, வழக்காடும்போது சுட்டிக்காட்டத்தக்க வடிவில் அது கிடைக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் பழகும் இளம் வழக்கறிஞருக்கு அது எவ்வளவு பெரிய கொடை என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். தீர்ப்புக்குச் சாத்தியமானது சட்டத்துக்கும் விதிக்கும் சாத்தியமாகாதா?

விலையை எப்படி வைப்பது என்பதற்கும் அளவுகோல் நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அரசு அலுவலகங்கள் தங்கள் விதிகளையும் கையேடுகளையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அவற்றை இலவசமாகவோ, ஊடகத்துக்கு ஆகும் செலவுக்கோ, அச்சுச் செலவுக்கோ தர வேண்டும் என்றும் சொல்கிறது. காகிதத்துக்கும் மைக்கும் விலை வைக்கலாம். அதில் அச்சாகியிருக்கும் சட்டத்துக்கு விலை வைக்கக் கூடாது. நான் இன்று சொல்ல வந்ததை நாடாளுமன்றமே இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்திருக்கிறது.

தமிழில் இல்லாத சட்டம்

இலவசமாகக் கிடைத்தும் படிக்க முடியாவிட்டால்? அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி, மாநிலச் சட்டம் தமிழில் இயற்றப்பட்டாலும் ஆளுநரின் அதிகாரத்தில் வெளியாகும் ஆங்கில வாசகமே அதிகாரபூர்வமானது. மத்தியச் சட்டங்களுக்கு நிலைமை சற்று மேல். 1973இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தில் அரசிதழில் வரும் தமிழ் மொழிபெயர்ப்பும் அதிகாரபூர்வ வாசகமாகக் கொள்ளப்படும். கதவு இருக்கிறது; அதை வேண்டிய அளவுக்குத் திறக்கவில்லை. 2024 ஜூலை 1 அன்று நாட்டின் அடிப்படைக் குற்றவியல் சட்டங்கள் மாறின. அன்று காலை காவல் நிலையத்துக்குப் போன ஒரு சாதாரண மனிதர், தன்மேல் போடப்பட்ட பிரிவு என்ன சொல்கிறது என்று தமிழில் படித்துப் பார்க்க எங்கே போயிருப்பார்? இந்தக் கேள்விக்கு ஊர் நூலகம் என்ற விடை இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நூலகத்தை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948இல் சென்னை மாகாணம். நாம் சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். சட்டம் இயற்றவும் அச்சிடவும் ஆகும் செலவும் நம் வரிப்பணம்தான். இருமுறை பணம் கொடுத்தவரை மூன்றாம் முறை கடைக்கு அனுப்புவது முறையல்ல.

ஆகவே அரசுக்கு என் வேண்டுகோள்கள் இவை. ஒவ்வொரு மாநிலச் சட்டத்தையும் எல்லாத் திருத்தங்களும் சேர்த்து, எந்தத் தேதி வரை திருத்தப்பட்டது என்று முதல் பக்கத்தில் குறித்து, அரசே வெளியிட வேண்டும். விதிகளையும் அறிவிக்கைகளையும் அந்தந்தச் சட்டத்தோடு சேர்த்தே தர வேண்டும். குடிமகனின் கட்டணமும் கெடுவும் படிவமும் பெரும்பாலும் விதிகளில்தான் இருக்கின்றன. ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் மத்திய, மாநிலச் சட்டங்கள் கிடைக்கின்றன; விதிகளும் அதே ஒழுங்கில் அங்கே வர வேண்டும். இணையத்தில் வரும் வாசகம் நீதிமன்றத்தில் நிற்கும் தகுதியோடு, மின்கையொப்பத்தோடு வர வேண்டும். அமெரிக்க மாநிலங்களுக்கென்று 2011இல் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டம் ஒன்று இதைத்தான் சொல்கிறது: மின்னணுச் சட்டத்தை அதிகாரபூர்வமானது என்று ஒரு மாநிலம் அறிவித்தால், அதன் உண்மைத்தன்மைக்கும் பாதுகாப்புக்கும் என்றும் கிடைப்பதற்கும் அந்த மாநிலமே பொறுப்பு. தமிழ் வாசகம் ஆங்கில வாசகத்தோடு அதே நாளில் வர வேண்டும். அச்சுப் பிரதி ஒன்று கிளை நூலகம்தோறும் இருக்க வேண்டும்.

மாணவர்களே, அரசு செய்யும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இன்னொரு விலக்கும் உண்டு. ஒரு சட்டத்துக்கோ அதன் விதிகளுக்கோ அரசு வெளியிட்ட தமிழாக்கம் இல்லையென்றால், அல்லது இருந்தும் விற்பனைக்குக் கிடைக்கவில்லையென்றால், யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து வெளியிடலாம். நிபந்தனை ஒன்றே: இது அரசால் அங்கீகரிக்கப்பட்ட, உண்மையான வாசகமாக ஏற்கப்பட்ட மொழிபெயர்ப்பு அல்ல என்று கண்ணில் படும் இடத்தில் குறிப்பிட வேண்டும். இங்கே நூறு பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு சட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தங்களைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள், விதிகளைக் கூட வையுங்கள், உங்கள் ஊர் மனு எழுதுபவருக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுங்கள். திருத்தம் வந்தால் மறுபடியும் போய்ச் சரிசெய்யுங்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் பார்த்த வேலை அது. அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பு அல்ல என்ற அந்த ஒரு வாக்கியத்தை முதல் பக்கத்தில் எழுதிவிட்டு இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள்.